பாதிச் சம்பளம் வந்தது, வேலை பாதியாகவில்லை: படிப்படியான ஓய்வுத் திட்டம், என் மூன்று வருட அனுபவம்

போன மே மாதம் ஆபீஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதனால் இப்போது கொஞ்சம் தைரியமாக எழுதலாம். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் 29 வருடம் வேதியியல் நடத்தியவன் நான் (பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது). டென்யூர் (எளிதில் நீக்க முடியாத நிரந்தர வேலை உரிமை) உள்ள பேராசிரியர்களுக்கு அங்கே படிப்படியாக ஓய்வு பெறும் திட்டம் ஒன்று உண்டு. டென்யூரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பதிலுக்கு மூன்று வருடம் பாதி நேர வேலை, பாதிச் சம்பளம், கூடவே பென்ஷனும் ஆரம்பித்துவிடும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். அதற்கு முன்னால் வந்த பணி மதிப்பீட்டுக்குத் தனியாகப் போடச் சொன்னால் ஒன்றரை.

ஊரில் என்னோடு படித்தவன் அரசுக் கல்லூரியில் இருந்தான். 58 வயது, மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ, வீடு. அவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இங்கே அப்படி அனுப்ப முடியாது. வயதைக் காட்டி ஓய்வு கொடுப்பதை 1986இல் சட்டத்திருத்தம் தடுத்தபோது, டென்யூர் பேராசிரியர்களை மட்டும் 70 வயதில் அனுப்பிக்கொள்ளலாம் என்று 1993 கடைசிவரை விலக்கு இருந்தது. அதுவும் முடிந்த பிறகு "போ" என்று சொல்ல வழியில்லை, ஆசை காட்டித்தான் அனுப்ப வேண்டும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகங்கள் 1998இலேயே இப்படிப் பாதி நேரத் திட்டம் கொண்டுவந்தன, பிறகு பல இடங்களுக்கும் பரவியது.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, டென்யூர் வாங்கியவரும் கோப்பு கொடுக்க வேண்டும்: கட்டுரைகள், வாங்கிய கிராண்ட் (ஆராய்ச்சிப் பணம்), மாணவர்கள் எனக்குப் போட்ட மதிப்பெண், உட்கார்ந்த கமிட்டிகள் எல்லாம். நான் கொடுத்தது 140 பக்கம், பதிலாக வந்தது இரண்டு பத்தி, "எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறார்" என்று. சரி, அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதே வாரம் துறைத்தலைவர் காபிக்குக் கூப்பிட்டு "அடுத்து என்ன யோசனை?" என்று கேட்டார். வயதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் கூடாது, ஆனால் ஓய்வுத் திட்டத்தின் கையேடு மட்டும் அவர் மேஜை மேல் தற்செயலாக இருந்தது. ஒருவரை மேம்படுத்தத்தான் மதிப்பீடு என்று காகிதத்தில் எழுதியிருக்கும். அறுபதைத் தாண்டியவன் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. இதில் நான் அதிர்ஷ்டசாலி என்றே சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவில் 2022இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஐந்தாண்டு மதிப்பீட்டில் நான்கு தரங்கள், கடைசித் தரம் விழுந்தால் வேலையே போகும்.

ஒப்பந்தத்தை அவசரப்பட்டுப் படிக்காதீர்கள். வயதுப் பாகுபாடு வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. 40 வயது தாண்டியவரிடம் இப்படி எழுதி வாங்கினால், பலருக்கும் பொதுவாக அறிவித்த திட்டத்தில் யோசிக்க 45 நாள் தர வேண்டும், தனி ஆளோடு பேசி முடிப்பது என்றால் 21 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறலாம். இது 1990ஆம் வருடச் சட்டம். நான் 45 நாளில் ஒன்பது நாள்தான் எடுத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: வகுப்பு எல்லாம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, ஜனவரி செமஸ்டர் முழுக்க எனக்கு. மூன்றரை நட்சத்திரத்தில் மூன்று இதற்குத்தான். இருபத்தெட்டு வருடம் கழித்து கும்பகோணத்தில் பொங்கல் வைத்தேன், அம்மாவோடு மூன்று மாதம் சேர்ந்தாற்போல் இருந்தேன்.

கேட்காமல் விட்டதுதான் நிறைய. வகுப்பு பாதியானது, சரி. ஆனால் என்னிடம் இரண்டு முனைவர் பட்ட மாணவர்கள் இருந்தார்கள், ஆய்வேட்டைப் பாதியாகத் திருத்தவா முடியும்? ஊரில் இருந்தபோதும் ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ காலில் உட்கார்ந்திருப்பேன், அம்மா "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்பார். கமிட்டி வேலை பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை, இல்லாததால் அது குறையவும் இல்லை. இரண்டாம் வருடம் ஆய்வுக்கூடத்தைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஜன்னல் இல்லாத அறையில் இன்னொருவரோடு போட்டார்கள். புதியவருக்கு இடம் வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மருத்துவக் காப்பீட்டிலும் அடி வாங்கினேன். எனக்கு 65 ஆகிவிட்டதால் மெடிகேர் (மூத்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) வந்துவிட்டது, மனைவிக்கு 61தான், அவருக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. முதல் வருடம் சம்பளமும் பென்ஷனும் தனித்தனியாக வந்ததில் வரிப் பிடித்தம் குறைந்துபோய், ஏப்ரலில் மொத்தமாகக் கட்டினோம். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

வகுப்பு மட்டும் நடத்துபவர், ஆய்வு மாணவர் யாரும் கைவசம் இல்லை, துணைவருக்கும் 65 நெருங்கிவிட்டது என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள், கடைசி மாணவர் முடிக்கும் தேதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம். எப்படியானாலும் கமிட்டி, அறை, மின்னஞ்சல், நூலக அனுமதி இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். டீன் வாய்வார்த்தையாக "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார், இரண்டாம் வருடம் அவரே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.