கலெக்டர் ஆபீஸ் எதிர்ச் சந்து டைப்பிங் கடை: விதை மசோதாவுக்குக் கருத்து எழுதப் போன அனுபவம்

மேலூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் ஒருபோக நெல் நிலம். பட்டா நகல், மனு என்று மதுரையில் எத்தனையோ டைப்பிங் கடை ஏறி இறங்கியிருக்கிறேன். டெல்லியில் போடப்போகிற சட்டத்துக்கு என் வாய்ச்சொல்லை எழுத்தாக்கி அனுப்பிக் கொடுத்தது இந்த ஒரு கடைதான்.

கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது கடை, நீலக் கதவு. போர்டு எழுத்து வெளிறிவிட்டது, கதவைப் பார்த்துப் போங்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், உட்கார ஒரு பெஞ்சு. நடத்துகிற அண்ணன் முன்பு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர், கூடவே அவர் மகள். சுவரில் தொங்கும் காலண்டரில் சில தேதிகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்கள். எந்த மசோதாவுக்கு என்றைக்குள் கருத்து அனுப்ப வேண்டும் என்ற கணக்கு அது. பேப்பரில் வரும் நாடாளுமன்றக் குழு விளம்பரங்களையும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்.

நான் போனது விதை மசோதா 2025 வரைவுக்காக. 1966-ம் வருஷத்து விதைச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவர எழுதியது. மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் வரைவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை யாரும் கருத்துச் சொல்லலாம் என்றது. முதலில் வேறொரு கடைக்குத்தான் போனேன். நாலு வரியில் முன்னமே அடித்து வைத்த தாள் ஒன்றை நீட்டி, "கீழ கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, அம்பது ரூபா" என்றார்கள். என் வயலில் நடந்தது ஒரு எழுத்துகூட அதில் இல்லை. போடாமல் வந்துவிட்டேன்.

இந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "உனக்கு என்ன ஆச்சு தங்கச்சி, அதச் சொல்லு."

சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடையில் வாங்கிய விதை. முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. பூக்கிற நேரத்தில் பார்த்தால் பாதிப் பயிர் கதிர் தள்ளி நிற்கிறது, மீதி இடுப்புக்குக் கீழே பச்சையாக நிற்கிறது. கலப்பு விதை, அதாவது வேறு ரகம் கலந்துபோன விதை. ஒருபோகத்தில் தண்ணீர் ஒரு முறைதான், மறு விதைப்புக்கு வழியே கிடையாது. புகார் சொல்லப் போனால் சாக்கு எங்கே, அட்டை எங்கே, பில் எங்கே என்றார்கள். பில் அவர்கள் தரவில்லை. சாக்கு களத்தில் விரித்துக் கிழிந்து போயிருந்தது.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "வேணும், வேண்டாம்னு மட்டும் எழுதுனா எண்ணிக்கையோட போயிரும். எந்த எடத்துல என்ன கொற, உனக்கு என்ன நடந்துச்சு, அதுக்குப் பதிலா என்ன வார்த்த போடணும். இந்த மூணும் இருந்தாத்தான் ஒருத்தன் நின்னு படிப்பான்."

வரைவை மகள் தமிழில் வாசித்துக் காட்டினாள். விதைப் பையில் கியூஆர் கோடு இருக்க வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பையைப் பிரித்து விதையை ஊறப்போட்டபின் அந்தப் பை எங்கே இருக்கும்? கதிர் வந்தால்தானே கலப்பு தெரியும், அதற்கு மூன்று மாதம் ஆகும். அதனால் பையில் உள்ள அதே கோடு பில்லிலும் அச்சாக வேண்டும், பில் இல்லாமல் விதை விற்கக் கூடாது, நட்டஈட்டை மாவட்டத்திலேயே நாள் குறித்துத் தீர்க்க வேண்டும் என்று எழுதினோம். பயிர் ரகப் பாதுகாப்புக்கும் விவசாயி உரிமைக்குமான 2001 சட்டத்தின் 39-வது பிரிவில், பதிவான ரகத்தின் விதை சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் இழப்பீடு கேட்க ஏற்கெனவே இடம் உண்டு என்று அண்ணன் அதையும் சேர்த்தார். அது எனக்குப் புதுச் செய்தி.

இந்தக் கடையில் நான் பெரிதாக மதிப்பது இனிமேல்தான் வருகிறது. தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் மாற்றி, மாற்றியதை மறுபடி தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டுகிறார்கள். அப்படி வாசிக்கும்போது "கலப்பின விதை" என்று ஒரு வரி வந்தது. "பாப்பா, நிறுத்து. கலப்பு வேற, கலப்பினம் வேற" என்றேன். மகள் ஹைப்ரிட் என்று போட்டிருக்கிறாள்! அப்படியே போயிருந்தால் நான் வீரிய ஒட்டு விதைக்கு எதிராகப் பேசியதாக ஆகியிருக்கும். உடனே திருத்தினாள், முகம் சுளிக்கவில்லை.

தமிழிலேயே அனுப்பினால் ஆகாதா என்று கேட்டேன். அரசியல் சாசனம் 350-வது பிரிவின்படி குறைதீர்க்கும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த மத்திய அரசு அதிகாரிக்கும் கொடுக்கலாம். ஆனால் நாடாளுமன்றக் குழு விளம்பரங்களில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதி என்றுதான் கேட்கிறார்கள். அதனால் தமிழ் மூலத்தையும் ஆங்கிலத்தையும் ஒன்றாகக் கோத்தே அண்ணன் அனுப்புகிறார். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி ஐகோர்ட் உத்தரவிட்டது. ஒவ்வொரு வரைவுக்கும் இது நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு இதில் இத்தனை பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்ற கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டபோது எங்கள் பக்கம் யாருக்கும் சேதி தெரியாது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் ஏலம் போன பிறகுதான் தெரிந்தது. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை போன எதிர்ப்புப் பேரணியில் நானும் நடந்தேன். ஏலம் ரத்தானது, சந்தோஷம். சட்டம் எழுதுகிறபோதே ஒரு தாள் அனுப்பத் தெரிந்திருந்தால் என்று அன்றைக்கு நடக்கும்போதே நினைத்தேன். சட்ட வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசே 2014-ல் கொள்கை வகுத்திருக்கிறது என்பதை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

குறை என்றால், திங்கள்கிழமை போகாதீர்கள். குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களால் சந்தே நிரம்பிவிடும், நான் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், இன்வெர்ட்டர் இல்லை. இமெயில் போனதற்கு அச்சு எடுத்துக் கொடுத்தார்கள், ஆனால் அந்தப் பக்கமிருந்து பதில் எதுவும் வரவில்லை. அதனால் ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒரு பிரதி அனுப்பினேன்.

டைப்பிங் பக்கத்துக்கு முப்பது ரூபாய், ஆங்கிலம் சேர்த்தால் அறுபது. எனக்கு மொத்தம் இருநூற்று நாற்பது ஆனது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடிக்கலாம். போகும்போது பில்லோ, பழைய சாக்கோ, மனுவின் நகலோ, கையில் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். அண்ணன் முதலில் கேட்பது அதைத்தான்.