கிராமத்துப் பள்ளிச் சாலைக்கு எது பொருந்தும்: வளைவுப் பாதையா, வேகத்தடையா?

தஞ்சை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பள்ளிக்கூடச் சாலையில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் வசிக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் திரட்டியபோது, இரண்டு யோசனைகள் வந்தன. இங்கே சிங்கப்பூரில் மூத்தோர் அதிகம் வசிக்கும் வட்டாரங்களில் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014 முதல் அமைத்துவரும் ‘சில்வர் சோன்’ போலச் சாலையைக் குறுக்கி, இலேசாக வளைத்துவிடலாம் என்றனர் சிலர். அளவு பிசகாத வேகத்தடையே போதும் என்றனர் மற்றவர்கள். ஊராட்சியிடம் பேசி, கிராம சபையிலும் வைத்து, நாங்கள் வேகத்தடையைத் தேர்ந்தெடுத்தோம். அதே நிலையில் இருக்கும் வேறு ஊர்க்காரர்கள் கேட்டாலும் அதையே பரிந்துரைப்பேன்.

‘மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நடந்து செல்வோரும் வண்டிகளும் கலந்து புழங்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று உலக நாடுகளின் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்துகிறது. அந்த வேகத்திற்கு ஓட்டுநரை எப்படி இறக்குவது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரின் புக்கிட் மேரா வியூ போன்ற இடங்களில் நடந்தவர்கள் ‘சில்வர் சோன்’ தரும் நிம்மதியை அறிவார்கள். நேராக ஓட வேண்டிய சாலை சற்றே நெளிகிறது, தடம் ஒடுங்குகிறது. நடுத்திட்டு இருப்பதால் முதியவர் ஒரு பாதியைக் கடந்து, நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபாதியைக் கடக்க முடிகிறது. ஆனால் அது கார்களையும் பேருந்துகளையும் மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. எங்கள் சாலையில் விரைவது பெரும்பாலும் இருசக்கர வண்டி. நெளிந்து போவது அதற்கு ஒரு தடையே இல்லை. அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றி வரும் டிராக்டருக்கும் நெல் அறுவடை இயந்திரத்திற்கும் குறுக்கிய சாலை போதாது.

இவற்றையெல்லாம் விட எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. சிங்கப்பூரில் சாலைக் கோடு மங்கினால் மறுபடி தீட்டவும், சாலையோரக் கரைக்கல் உடைந்தால் மாற்றவும் ஆள் உண்டு; அந்த ஏற்பாட்டின் மேல்தான் ‘சில்வர் சோன்’ நிற்கிறது. கிராமத்தில் கட்டும்போது இருக்கும் ஆர்வம் அடுத்த ஆண்டும் இருக்கும் என்று நம்பி எதையும் கட்டக் கூடாது. ஆகவே, கவனிப்பு நின்றுபோன பிறகு எது குறைவான ஆபத்தைத் தரும் என்று கேட்டுப் பார்த்தோம். பிரதிபலிப்பான் கழன்று, தெருவிளக்கும் எரியாத இரவில், சாலையைக் குறுக்குவதற்காக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கரைக்கல்லில் இருசக்கர வண்டி மோதினால் உயிருக்கே ஆபத்து. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 நெறிமுறை சொல்லும் வேகத்தடையோ, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்காக வகுக்கப்பட்டது. சாயம் மங்கிய நிலையில் சற்று வேகமாக ஏறிவிட்டாலும் அது பெரும்பாலும் உலுக்கும், ஆளைத் தூக்கி எறிவது அரிது.

வேகத்தடைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவை, ஒரு விபத்து நடந்த மறுநாள் மிச்சக் கான்கிரீட்டைக் கொட்டி எழுப்பிய குட்டை மேடுகள்தாம். பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து, மடியில் குழந்தையையும் காலடியில் ரேஷன் அரிசிப் பையையும் வைத்திருக்கும் பெண் அந்த மேட்டில் எப்படித் தூக்கிப் போடப்படுகிறார் என்பதை எங்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் பார்க்கலாம். அதனால் கொத்தனாரின் கண்ணளவை நம்பாமல், ஒட்டுப்பலகையில் வளைவை வெட்டி, அந்த அச்சை வைத்தே மட்டம் பார்க்கச் செய்தோம். எச்சரிக்கைப் பலகையை 40 மீட்டர் முன்பாகவே நட்டோம். பொங்கலுக்கு ஊரே வெள்ளையடிக்கும்போது வேகத்தடைக்கும் சாயம் பூசுவது என்று பேசி வைத்திருக்கிறோம். பொங்கல் முடிந்த சில நாளில் வரும் ஜனவரி 26 கிராம சபையில் அது நடந்ததா என்று கேட்டுவிடலாம்.

ஒரு முழு அடைமழைக் காலத்தை எங்கள் வேகத்தடை இன்னும் கடக்கவில்லை. மழைநீர் ஓட இரு ஓரங்களிலும் இடைவெளி விட்டிருக்கிறோம். அதன் வழியே சில இளைஞர்கள் வண்டியை நுழைத்துப் போவதும் உண்மை. காலி டிப்பர் கடக்கும்போது எழும் சத்தம் அருகிலுள்ள வீட்டாருக்குத் தொல்லையாகுமா என்பதையும் போகப் போகத்தான் சொல்ல முடியும்.

எங்கள் சாலை ஊராட்சியுடையது என்பதால் இது எளிதாக முடிந்தது. மாநில நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்து செல்லும் இடமாக இருந்தால், துறையின் அனுமதி வேண்டும். சாலையும் அகலமாக இருக்கும், கடப்பவர்களில் வயதானவர்களும் பலர் இருப்பார்கள். அங்கே நான் முதலில் கேட்பது நன்கு ஒளியூட்டிய நடுத்திட்டாகவே இருக்கும்.