கோத்தகிரியில் ஒரு ஹோம்ஸ்டே: நைட் ட்யூட்டி பார்த்துக் களைத்தவர்களுக்கு

இது ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கான விமர்சனம் இல்லை. கிறிஸ்துமஸ் லீவில் எங்கேயாவது போய் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று நினைக்கிற நர்சிங் மாணவிகளுக்காக எழுதுகிறேன். நான் கோவையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கும் மூன்று பேரோடு டிசம்பர் கடைசியில் கோத்தகிரியில் ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கினோம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், படுகர் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டின் மாடியை வாடகைக்கு விடுகிறது. இரண்டே அறைகள்.

வீட்டுக்குப் போனாலே ஓய்வுதானே என்று கேட்பார்கள். எங்கள் வீடுகளில் நடப்பது வேறு. நான் வந்துவிட்டேன் என்று தெரிந்ததுமே பெரியம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருவார். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு பி.பி. பார்க்க வேண்டும். மாமாவின் சர்க்கரை மாத்திரையை காலையில் போடுவதா, சாப்பிட்ட பிறகா என்று போன் வரும். எல்லாம் பாசம்தான், அவர்களுக்குச் செய்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மெடிக்கல் வார்டில் ஒரு வாரம் நைட் பார்த்து, காலையில் ஹாஸ்டலுக்கு வந்து கேர் பிளானும் கேஸ் ஸ்டடியும் எழுதி, நடுவில் இன்டர்னல் தேர்வும் முடித்துவிட்டு வருகிற உடம்புக்கு அதுவும் ஒரு ட்யூட்டியே. அதனால்தான் லீவில் பாதியை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை மலைக்கு எடுத்துக்கொண்டோம்.

அறையைப் பற்றி முதலில். படுக்கை நல்ல கெட்டி மெத்தை, நடுவில் குழி விழவில்லை. பெட்ஷீட் வெயிலில் காய்ந்த வாசனையோடு இருந்தது. மூலைகளை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகச் செருகியிருந்தார்கள். கை கழுவுகிற இடத்தில் சோப்பு, தனித்தனித் துண்டு. ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை. இந்தத் திரைக்காகவே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். பகலில் தூங்கிப் பழகியவர்களுக்கு வெளிச்சம் எவ்வளவு பெரிய எதிரி என்று தெரியும்.

குளிரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்மேல் உறைபனி படியும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர்தான், குளிர் அதைவிடக் குறைவு. தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். அறை குளிர்ச்சியாக இருந்தால் அது சுலபமாக நடக்கிறது. காற்றாடிகூட வேண்டாம், இரண்டு கம்பளி போதும். முதல் இரவு நாங்கள் நால்வரும் எட்டரை மணிக்கே படுத்துவிட்டோம். எழுந்தபோது அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரம்.

இந்த வீட்டை நான் சிபாரிசு செய்ய முதல் காரணமே அந்த மதியம்தான். யாரும் கதவைத் தட்டவில்லை. பத்து மணிக்குள் டிபன் சாப்பிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழே இறங்கிப் போனோம். "கண்ணுகளா, எல்லாம் மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணித் தர்றேன், உக்காருங்க" என்றார் வீட்டுக்கார அக்கா. ராகிக் களி, அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, கீரை. வார்டில் ஒரு ராத்திரிக்குள் "சிஸ்டர், குளுக்கோஸ் பாட்டில் முடிஞ்சிருச்சு", "சிஸ்டர், கொஞ்சம் வாங்க" என்று எத்தனை குரல் கேட்கும்! இங்கே எங்களுக்கு ஒருவர் பரிமாறினார். என் தோழி ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அறை கேட்கும்போது கிழக்குப் பக்க அறையைக் கேளுங்கள். நைட் ட்யூட்டியில் உடம்பின் கடிகாரம் தடம் மாறிவிடும். நிறையத் தூங்கினால் மட்டும் அது பழைய நேரத்துக்குத் திரும்பாது. அதைத் திருப்பி வைப்பதில் காலை வெளிச்சத்துக்குத்தான் பெரிய பங்கு. கோத்தகிரி நீலகிரியின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் சமவெளிப் பக்கம் இருந்து வரும் சூரியனை மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளில் இருந்து ஏழு மணிவாக்கில் வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். ஊர் திரும்புவதற்குள் இரவு பத்து மணிக்குத் தானாகவே கண் சொருக ஆரம்பித்துவிட்டது. தோட்டத்துத் தேநீர் அருமைதான், ஆனால் காஃபீன் பாதி அளவுக்குக் குறையவே ஐந்து மணி நேரம்போல் ஆகும். அதனால் சாயங்காலத்தில் தேநீருக்குப் பதில் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துத் தரச் சொன்னோம். அக்கா முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து அறைக்கு வந்த குடும்பம், உள்ளே வைத்துக் குளிர்காயக் கரி அடுப்பு கேட்டது. அக்கா கண்டிப்பாக மறுத்துவிட்டு, கம்பளிகளும் வெந்நீர்ப் பையும் கொடுத்து அனுப்பினார். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிர்காலத்தில் மலையில் எங்கே தங்கினாலும் இதை மறக்காதீர்கள். குளிக்க விறகு பாய்லரும் வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள், அதுவும் சரியான ஏற்பாடு.

அந்த பாய்லரில்தான் குறையும். காலை ஒன்பதுக்கு மேல் வெந்நீர் கிடைக்காது, லேட்டாக எழுந்தால் ஒரு வாளிக்குக் கெஞ்ச வேண்டும். மணிக்கணக்கில் வார்டில் நின்ற கால்களுக்கு ராத்திரி உப்புப் போட்ட வெந்நீர் கேட்டால் அடுப்பில் வைத்துத் தருவார்கள், ஆனால் சமையல் முடியும்வரை காத்திருக்க வேண்டும். காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டே காத்திருந்தோம். ரோட்டில் இருந்து வீட்டுக்கு இறங்கும் கல்படிகளில் பாசி பிடித்திருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும் என்று அக்காவிடமே சொல்லிவிட்டு வந்தேன். வயதானவர்களை அழைத்துப் போக வேண்டாம். ஒரு ராத்திரி பக்கத்து அறையில் பாட்டுச் சத்தம், அக்கா போய்ச் சொல்லியும் அடங்கப் பதினொன்று ஆயிற்று. போன் சிக்னல் வராந்தாவின் ஒரு மூலையில் மட்டும்தான். எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. கிளாஸ் குரூப்பில் வந்த அசைன்மென்ட் செய்திகளை ஊருக்கு வந்துதான் பார்த்தோம்.

சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், கன்னேரிமுக்கில், வெள்ளைக்காரர் காலத்தில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் போதும். லாங்வுட் சோலை ஊருக்குப் பக்கத்திலேயே. 116 ஹெக்டேர்தான், 2024-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதியோடு போக வேண்டும். மரங்கள் அடர்ந்து, உள்ளே நுழைந்ததுமே காற்று மாறுகிறது. மெதுவாக நடக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோடநாடு காட்சிமுனைக்கு நாங்கள் போகவில்லை, அன்றைக்கும் தூங்கினோம். இருட்டிய பிறகு தோட்டத்து வழியில் நடக்காதீர்கள், காட்டெருமைகள் நிற்கும்.

செலவு: நால்வருக்கு ஒரே அறை, இரவுக்கு 2,400 ரூபாய். சாப்பாடு தனி, ஆளுக்கு நாளைக்கு 350. ஸ்டைபெண்ட் இல்லாத மாணவிகளுக்கு இது லேசான தொகை இல்லை, நான்கு பேராகப் போனால் சமாளிக்கலாம். மேட்டுப்பாளையத்தில் இருந்து 33 கி.மீ., அரசுப் பஸ் அடிக்கடி இருக்கிறது. வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டில் இருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். புத்தகத்தை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு அறைகளும் சீக்கிரம் நிரம்பிவிடும், நவம்பரிலேயே பேசி வைத்துவிடுவது நல்லது.