பெட்-சிடி மையம்: ஸ்கேன் அறைக்கு முழு மதிப்பெண், வரவேற்பு மேசைக்குப் பாதி

என் கணவருக்கு மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். மருந்து எந்த அளவுக்குக் கேட்கிறது என்று பார்க்க, ரத்தப் பரிசோதனையோடு, உடலில் நோய் எங்கே உயிரோடு இருக்கிறது என்று படமெடுத்துக் காட்டும் பெட்-சிடி ஸ்கேனும் எழுதித் தருகிறார் மருத்துவர். மதுரையில் நாங்கள் போகும் மையத்தைப் பற்றியது இது. குறையும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை.

முதல் சண்டையே பில் போடும் இடத்தில்தான். மற்றப் புற்றுநோய்கள் பலவற்றுக்கு மண்டையோட்டின் அடியிலிருந்து தொடையின் பாதி வரை எடுத்தால் போதும். மைலோமா மண்டையோட்டையும் கை கால் எலும்புகளையும் அரிக்கக்கூடியது. அதனால் உச்சி முதல் பாதம் வரை எடுக்க வேண்டும். சீட்டில் மருத்துவர் அப்படித்தான் எழுதியிருந்தார். மேசையில் இருந்த பெண்ணோ, “எல்லாருக்கும் இப்படித்தான் அம்மா எடுக்கிறோம்” என்று வழக்கமான ஸ்கேனுக்கே ரசீது அடித்துவிட்டார். சீட்டை அவர் முன் வைத்து அந்த வரியில் விரலை ஊன்றிய பிறகே உள்ளே போய்க் கேட்டுத் திருத்தினார். நீங்கள் போனாலும் ரசீதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்தது காத்திருப்பு. 6 மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரை 200-க்குள் இருக்க வேண்டும். ஊசியில் ஏற்றும் எஃப்.டி.ஜி. மருந்து, அதாவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரை, வெளியூரிலிருந்து காரில் வருகிறது. அதிலுள்ள கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைக்க வழியில்லை. அதெல்லாம் புரிகிறது. வண்டி தாமதம் என்று வீட்டுக்கு ஒரு போன் செய்ய என்ன கஷ்டம்? சர்க்கரை நோயாளி பசியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே போய்விட்டால் வேறு உலகம். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும். குளிரில் உடல் நடுங்கினால் தசைகள் மருந்தை இழுத்துக்கொண்டு படத்தைக் குழப்பும் என்று டெக்னீஷியன் தம்பி கேட்காமலே இரண்டாவது போர்வை கொண்டுவந்து போர்த்தினார்.

இங்கே திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் அணு மருத்துவப் பிரிவின் டாக்டர். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து விளக்குகிறார். முதுகெலும்பில் இருந்த ஓட்டை அப்படியே இருப்பதைப் பார்த்து என் கணவருக்கு முகம் வாடிவிட்டது. “சிகிச்சை பலித்தாலும் ஓட்டை பெரும்பாலும் மூடாது ஐயா. அதற்குள் நோய் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி” என்றார் டாக்டர். புற்றுச் செல்கள் சர்க்கரையை அதிகமாக உறிஞ்சுவதால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். முன்பு கல்லீரலைவிடப் பிரகாசமாக எரிந்த இடம் இப்போது அதைவிட மங்கியிருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் இதைப் பார்க்க முடியாது. எலும்பின் தாதுவில் 30 சதவீதமாவது கரைந்த பிறகுதான் அதில் ஓட்டையே தெரியவரும்.

இன்னொன்றும் சொன்னார். சிலருடைய மைலோமா எஃப்.டி.ஜி.யை எடுத்துக்கொள்வதே இல்லை. நோய் இருந்தும் படம் சுத்தமாக வரும். அவர்களுக்கு முழு உடல் எம்ஆர்ஐ பொருத்தம். தன் மையத்தில் இல்லாத ஸ்கேனைப் பரிந்துரைக்கும் டாக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரிப்போர்ட் மறுநாள் மாலை கிடைத்தது. படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டால்தான் தருகிறார்கள். அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும், விடாதீர்கள். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் துணைக்குக் கூட்டிப்போக வேண்டாம். லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலி ஒன்றே ஒன்றுதான்.