விட்டு விட்டு வரும் மின்கோளாறு: டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா?

கார்புரேட்டர் காலத்து மாருதி 800-இல் முகப்பு விளக்கு ஒருநாள் நன்றாக எரிந்து மறுநாள் மங்கினால், பலரும் முதலில் எடுப்பது டிஜிட்டல் மல்டிமீட்டரைத்தான். ஆனால் அதன் உள்தடை பொதுவாக 10 மெகாஓம் அளவில் இருப்பதால் அது மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால், வழியில் பச்சை பூத்த கனெக்டர் ஒன்று சில ஓம் தடையோடு கிடந்தாலும் 12 வோல்ட் முழுதாகத் தெரியும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப்போ, ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால், அதே இடத்தில் மங்கி எரிந்து குட்டை உடைத்துவிடும். ஒயர்க்கட்டை ஒரு கையால் அசைத்துக்கொண்டே அது எந்த இடத்தில் சிமிட்டுகிறது என்று ஓரக்கண்ணால் பார்க்கலாம். எண்களைத் துரத்த வேண்டியதில்லை.

எனவே தேடலுக்கு என் தேர்வு லேம்ப்தான். எர்த் (பாடி வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) கோளாறை உறுதிசெய்ய மட்டும் மீட்டர் தேவை: முகப்பு விளக்கை எரியவிட்டு, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வைத்தால், அரை வோல்ட் காட்டினாலே பாடியில் முடுக்கிய போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எம்பிஎஃப்ஐ (மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும்) வண்டியில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் ஒயர்களில் இந்த லேம்ப்பை வைக்கவே கூடாது. அந்த மின்னோட்டம் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடக்கூடும்.