புதுக்கடை மொழிபெயர்ப்பு நிலையம்: முத்திரை சரி, கணக்குப் பிழை

பக்கத்து வீட்டு அக்காவின் அண்ணன் மகனுக்கு இங்கிலாந்தில் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. நீதிபதி தண்டனை விதித்தபோது வாசித்த ஒன்பது பக்கங்களும் அக்காவின் கைக்கு வந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வாசித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, கொழும்பு புதுக்கடையில் போட்டோப் பிரதிக் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கும் மொழிபெயர்ப்பு நிலையத்தில் கொடுத்தேன்.

பக்கத்துக்கு 1,200 ரூபாய். சொன்ன நாளில் தந்தார்கள். தட்டச்சு சுத்தம், பக்கத்துக்குப் பக்கம் ஊதா முத்திரை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்றால் தாராளமாகப் போகலாம்.

தீர்ப்பென்றால் யோசியுங்கள். குறைந்தபட்சக் காலம் 22 ஆண்டுகள், அதில் விளக்கமறியலில் கழித்த 412 நாட்களைக் கழிக்க வேண்டும் என்பது மூலம். இவர்கள் எழுதியது: '22 ஆண்டுச் சிறைத்தண்டனை, 412 நாட்களுக்குக் குறையாமல்.' பையனுக்கு இப்போது 23 வயது. அக்கா அன்றிரவே விரல் மடக்கிப் பார்த்து, 45 வயதில் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று வவுனியாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

தண்டனை 22 ஆண்டு அல்ல, ஆயுள். குறைந்தபட்சக் காலம் முடியும்வரை பரோல் சபை அவனை விடாது. முடிந்த பின்னும், இவனால் ஆபத்தில்லை என்று கண்டால்தான் விடும். வெளியே வந்தாலும் சாகும்வரை நிபந்தனைகள். மீறினால் மறுபடி உள்ளே. அதைச் சொல்லும் 'லைசன்ஸ்' என்ற சொல்லுக்கு 'அனுமதிப்பத்திரம்' என்று போட்டிருக்கிறார்கள், பையன் ஏதோ லொறி ஓட்டப் போகிறவன் போல!

22 வந்த வழியும் சிதைந்துவிட்டது. அங்கே 2020ஆம் ஆண்டுத் தண்டனை விதிப்புச் சட்டத்தின் 21ஆம் அட்டவணைப்படி, வயது வந்தவர் துப்பாக்கியால் கொன்றால் கணக்கு வழக்கமாக 30 ஆண்டில் தொடங்கும். கத்தியைக் கையோடு கொண்டுபோய்க் கொன்றால் 25இல். இப்படி எதுவும் இல்லாவிட்டால் 15இல். பிறகு நீதிபதி கூட்டுவார், குறைப்பார். இவனுக்கு 25. கொல்லும் எண்ணம் இல்லை, கடுங்காயம் செய்யும் எண்ணமே இருந்தது என்பதையும் இளவயதையும் பார்த்து மூன்றைக் குறைத்திருக்கிறார். தமிழில் அந்த 25 'ஆரம்ப இடம்' ஆகி, பஸ் தரிப்பிடம் போல நிற்கிறது.

நம் ஊர்த் தீர்ப்புகளில் பழகிய கை அது. இங்கே கொலைக்கு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு, மரண தண்டனை. கூட்டல் கழித்தலுக்கு இடமே இல்லை. 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்பது வேறு கதை.

பிழையைக் காட்டியதும் அங்கிருந்த பெரியவர் வாதாடவில்லை. மறுநாளே திருத்தினார். ஆனால் புது முத்திரைக்கு 300 ரூபாய் வாங்கினார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்துக்கு இரண்டு.

திருத்திய பக்கங்கள் என் அலுமாரியில் இருக்கின்றன. அக்காவிடம் இன்னும் கொடுக்கவில்லை.