ஹியரிங் எய்ட்: பல வருடம் போட்டுப் பார்த்த பிறகு

இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட் போட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. இப்போது இருப்பது இரண்டாவது ஜோடி. எந்த மாடல் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்: மாடலை அப்புறம் பார்க்கலாம், முதலில் நல்ல ஆடியோலஜிஸ்டை, அதாவது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியைப் பொருத்தித் தரும் நிபுணரைத் தேடுங்கள்.

என்னுடையது வயதாகும்போது பலருக்கும் வருகிற வகை. தாழ்ந்த சுருதி ஒலிகள் ஏறக்குறைய சரியாகக் கேட்கும். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது உயர்ந்த சுருதியில், ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் வரைபடத்தில் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கிவிடும். உயிர் ஓசைகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த பகுதியிலும், சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய் ஓசைகள் பலவும் உயர்ந்த பகுதியிலும் இருப்பதால், யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பதுதான் பிடிபடாது. கட்டு, தட்டு, பட்டு மூன்றும் எனக்கு ஒன்றுதான். ‘வேண்டியது மட்டும் காதுல விழுது’ என்ற வீட்டுக் கிண்டல், ஆடியோலஜிஸ்ட் அந்தக் கோட்டை வீட்டாருக்கும் காட்டி விளக்கிய பிறகு நின்றது.

முதல் ஜோடி வாங்கிய இடத்தில் கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து, கம்பெனி மென்பொருள் சொன்ன அளவை அப்படியே ஏற்றி, ‘போகப் போகப் பழகிடும்’ என்று அனுப்பிவிட்டார்கள். பழகவில்லை. பிறகு வேறொரு ஆடியோலஜிஸ்டிடம் போனேன். அவர் மெல்லிய குழாய் ஒன்றைக் கருவியோடு சேர்த்துச் செவிப்பறைக்கு அருகே வரை நுழைத்து, பதிவு செய்த பேச்சை ஒலிக்கவிட்டு, காதுக்குள் எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று அளந்தார். இதற்கு ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர். காதுத் துவாரத்தின் நீளமும் வடிவமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரே அளவை வைத்தாலும் உள்ளே போய்ச் சேர்வது ஒன்றாக இருக்காது. எனக்கு உயர் சுருதி ஒலிகள் வேண்டிய அளவுக்கு வெகு கீழே நின்றன. அங்கேயே கூட்டினார். அதே கருவிதான், ஆனால் வார்த்தைகள் தனித்தனியாக விழ ஆரம்பித்தன. வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்வார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

முழுச் சத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்கவில்லை அவர். மறந்தே போயிருந்த ஒலிகளுக்கு மூளை பழக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று படிப்படியாகத்தான் ஏற்றினார். ஆரம்பத்தில் காகிதம் கசங்கினாலே எரிச்சலாக இருந்தது. என் குரல் தலைக்குள் அதிர்ந்ததற்குக் காது அடைபட்டதுதான் காரணம். முனையில் இருக்கும் ரப்பர் டோமைத் துளையுள்ளதாக மாற்றியதும் பெருமளவு குறைந்தது. ஒரு விஷயம்: தினமும் எத்தனை மணி நேரம் போடுகிறோம் என்பதைக் கருவியே பதிவு செய்யும். ‘தினமும் போடறேன்’ என்று கதை அளக்க முடியாது, திரையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கூட்டத்தில் இன்னமும் திணறல்தான். பல குரல்கள் ஒன்றாக எழும்போது வேண்டிய ஒன்றை மட்டும் முழுதாகப் பிரித்துத் தர எந்தக் கருவியாலும் முடியாது. ரிமோட் மைக்கைப் பேசுபவரின் சட்டையில் மாட்டிவிட்டால் நன்றாக உதவுகிறது. அதைவிட உதவியது ஆடியோலஜிஸ்ட் சொல்லித் தந்த பழக்கங்கள். இரைச்சலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் படவேண்டும். ‘என்ன?’ என்று மொட்டையாகக் கேட்காமல், ‘ஞாயிற்றுக்கிழமை வரீங்க, சரி, எத்தனை மணிக்கு?’ என்று விட்டுப்போன துண்டை மட்டும் கேட்கவேண்டும். இதில் எதிரில் இருப்பவரும் சலித்துக்கொள்வதில்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கருவி செத்துவிட்டது என்று தோன்றினால், பெரும்பாலும் குறும்பி வடிகட்டியை மாற்றினாலே உயிர் வந்துவிடும். பழைய ஜோடிக்கு 312 அளவு பேட்டரி. ஸ்டிக்கரை உரித்துவிட்டுச் சில நிமிடம் காற்றுபட வைத்துவிட்டுத்தான் போடவேண்டும். இப்போதையது சார்ஜ் ஏற்றும் வகை.

ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால் ஆடியோலஜிஸ்டின் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்கான சிகிச்சையில் தாமதம் கேட்கும் திறனையே பறித்துவிடலாம்.

வருடாந்திரச் சோதனையில் இப்போதெல்லாம் எவ்வளவு சத்தம் கேட்கிறது என்பதோடு, சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறேனா என்றும் ஆடியோலஜிஸ்ட் பார்க்கிறார். அந்த மதிப்பெண் ரொம்ப இறங்கினால் ஹியரிங் எய்டில் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி) பொருந்துமா என்று பார்க்கவேண்டியிருக்கும் என்றார். எனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.